மூன்று கொட்டேஷனும் ஓர் ஈரச் சுவரும்

இந்த ஊரில் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தால் ஐந்து கடிதங்கள் வருகின்றன. மேல்வீட்டுக்காரர் வருத்தம் தெரிவித்து ஒன்று, குடியிருப்புச் சங்கத்தார் ஒன்று, காப்பீட்டுக்காரர்கள் ஒன்று, சரிபார்க்க வருகிறவர் எத்தனை மணிக்கு வருவார் என்று ஒன்று, அவர் வந்துபோனது திருப்தியாக இருந்ததா என்று கேட்டு இன்னொன்று. நெதர்லாந்தில், லைடனுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். என் மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அவள் பின்னால் வந்தவன் நான். பூக்களைப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றும் ஒரு கிடங்கில் நிற்கிறேன். கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு நாட்டையே கட்டி வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போன முகத்தோடு அலைகிற இந்த மக்களைப் புரிந்துகொள்ள இன்னும் சில வருடங்கள் ஆகும் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் மேல்வீட்டுக் குழாய் கசிந்து எங்கள் படுக்கையறைச் சுவர் நனைந்தது. பார்க்க வந்தவர் பெயர் யோப். கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். சட்டைப்பையிலிருந்து சின்னதாக ஒரு கருவியை எடுத்தார். முனையில் இரண்டு ஊசிகள். சுவரில் குத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கு ஃபோக்ட்மேட்டர் என்று பெயர், ஈரத்தை அளக்கிற கருவி. பிறகு ஈரத்தை உறிஞ்சுகிற, பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து அறை நடுவில் வைத்து ஓடவிட்டுவிட்டுப் புறப்பட்டார். எப்போது ரிப்பேர் செய்வீர்கள் என்று கேட்டேன். "இதுதான் ரிப்பேர். சுவர் காய வேண்டும். காயாமல் யாரும் தொடக்கூடாது" என்றார். எத்தனை நாள் என்றதற்குத் தோளைக் குலுக்கினார். நானும் சும்மா இருக்காமல், எங்கள் ஊரில் ஆறே வீட்டுக்குள் வரும் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் மரியாதை கூடியது. "ஆற்றோரமாகவா வீடு? வசதியான குடும்பம் போலிருக்கிறது" என்றார். இங்கே தண்ணீரைப் பார்த்த வீட்டுக்குத்தான் விலை அதிகம். முக்கூடலில் பீடி சுற்றிப் பிழைக்கிற என் அக்காவை ஆற்றங்கரை மாளிகைச் சீமாட்டியாக்கிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். நான் திருத்தவில்லை.

நான்கு வாரம் நானும் மனைவியும் கூடத்தில் படுத்தோம். இயந்திரத்தின் வாளியில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் காலையில் கொண்டுபோய்க் கொட்டினோம். ஒருநாள்கூட யோப்பைச் சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதிரான முதல் சாட்சி இதுதான். அந்தச் சமயத்தில் காப்பீட்டுக்காரர்கள் ஒரு பிரசுரமும் அனுப்பினார்கள். தண்ணீரால் வீடு கெட்டபின் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று. மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். உரிமம் உண்டா என்று பாருங்கள். கூப்பிடாமல் கதவைத் தட்டுகிறவரை நம்பாதீர்கள். அவசரப்படாதீர்கள். மனைவியின் உதவியோடு இதை வரி வரியாகப் படித்துப் புரிந்துகொண்டேன். இப்படி ஒரு ஞானம் நம் ஊருக்கு இல்லாமல் போயிற்றே என்று மனசார வருத்தப்பட்டேன்.

வருத்தப்பட்ட சூடு ஆறுவதற்குள், மார்கழியில், ஊரில் அந்த மழை பெய்தது. மலையிலும் பெய்து, மணிமுத்தாறும் நிரம்பி, தாமிரபரணி முக்கூடலில் எங்கள் தெருவுக்குள் வந்தது. அப்பா கட்டிய வீடு அது. அத்தான் இறந்தபிறகு அக்கா பேச்சியம்மாள் மட்டும் அதில் இருக்கிறாள். இடுப்பளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பீடி இலையும் தூளும் போயின, அரிசி போயிற்று, கட்டில் மிதந்தது. தண்ணீர் வடிந்து போன் பேச முடிந்தபோது அக்கா இவற்றில் எதையும் முதலில் சொல்லவில்லை. "சுடல, சுவரு பூரா ஊறிப்போச்சுல. இசக்கிய நான் எங்கன கூட்டிட்டு வருவேன்?" என்றாள்.

இசக்கி அவளுடைய ஒரே மகள். சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம், தலைச்சன் பிள்ளை. தாய்வீட்டுக்குக் கூட்டிவந்து வளைகாப்பு நடத்திப் பேறு பார்த்து அனுப்ப வேண்டும். கிடங்கில் என்னோடு வேலை பார்க்கிற ஒரு டச்சுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "ஏன், கணவர் ஊரில் ஆஸ்பத்திரி இல்லையா?" என்று கவலையோடு கேட்டாள். இருக்கிறது என்றேன். "பிறகு ஏன் அலைக்கிறீர்கள், பாவம்" என்றாள். அத்தான் போனபிறகு அக்காவைச் சொந்தத்தில் யாரும் எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் நிறுத்தியதில்லை. மகளின் தலைப்பிரசவம் ஒன்றில்தான் அவள் இல்லாமல் எதுவும் நடக்காது. அதற்காக அவள் மூன்று வருடமாகக் காத்திருந்தாள். இதை டச்சில் சொல்ல எனக்குத் தெரியாது.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் ஆறுமுகம் கொத்தனார் வந்தார். அப்பா வீடு கட்டியபோது கரண்டி பிடித்தவர் அவர். தெருவில் அவர் கட்டிய வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் வீட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். பக்கத்துச் சுவரில் வைத்துப் பார்த்தார். அக்கா வாட்ஸாப் வீடியோவில் என்னைக் கூப்பிட்டுப் போனை அவரிடம் கொடுத்தாள்.

"தம்பி, இப்பம் ஒண்ணும் செய்யப்படாது. நனஞ்ச பூச்சக் கொத்தி உதுத்து விட்டுருதேன். கதவு சன்னல எல்லாம் தொறந்து போடட்டும். பங்குனி வெயில்ல பைய காயும். அதுக்குப் பெறகு பூசித் தாரேன். வளைகாப்ப ஒம்பதாம் மாசம் வச்சுக்கிடுங்க. சித்திரைல புள்ளய கூட்டியாரலாம்லா."

"அது வரைக்கும் சும்மாவா இருக்கணும்?" என்றேன்.

"சும்மா இல்ல வே. காயணும்லா."

யோப் சொன்னபோது விஞ்ஞானமாக இருந்தது, கொத்தனார் சொன்னபோது சாக்காகப் பட்டது. தெருவே நனைந்து கிடக்கிறது, கை நிறைய வேலை, அதனால் நம்மைக் கடைசியில் தள்ளுகிறார் என்று தோன்றியது. அவர் கையில் ஊசி வைத்த கருவியும் இல்லை. பிரசுரம் படித்த வேகத்தில் நான் ஆரம்பித்தேன். "கொத்தனாரே, எழுத்துல ஒரு கொட்டேஷன் தாங்க. இன்னும் ரெண்டு பேர்ட்டயும் வாங்கிப் பாக்கணும். ஒங்களுக்கு லைசென்ஸ் உண்டா?"

"ரேசன் கார்டு இருக்கு வே" என்றார். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். "அவியளப் போயி இப்பிடிக் கேட்டுட்டியேல" என்றாள் அக்கா. முறைப்படி நடப்பதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். ஐரோப்பாவில் இருப்பதால் இந்தப் பாடங்கள் எனக்குச் சரளமாக வரும்.

அடுத்த வாரம் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். பெயர் ஏதோ சொன்னார்; அதுவும் உண்மையில்லை என்று பிறகு தெரிந்ததால் இங்கே ஃபைல் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். "ஆரும் கூப்பிடாம வந்து நிக்காம்ல, எனக்கு என்னமோ போல இருக்கு" என்று அக்கா வீடியோவில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிரசுரம் படிக்காமலேயே அதன் முக்கியமான வரியைச் சொன்னவள் அவள். படித்த நான், "அது விளம்பரம்க்கா, நீ போனக் குடு" என்றேன். ஃபைல் அண்ணாச்சி சட்டைப்பையில் கைவிட்டார். இரண்டு ஊசி வைத்த அதே கருவி. சுவரில் குத்தினார், சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோப்பே முக்கூடலுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. இரண்டு நாள் வெள்ளத்தில் நின்ற சுவர் ஈரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சார், இது ஜெர்மன் டெக்னாலஜி. கெமிக்கல் அடிச்சு மேல பேனல் மாட்டிருவோம். பதினஞ்சே நாளு. ஈரம் வெளிய வரவே வராது" என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஈரம் வெளியே வரவே இல்லை. உள்ளேயே இருந்துகொண்டது.

மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றேன், விடாப்பிடியாக. "அதுக்கென்ன சார், மத்த ரெண்டையும் நானே அனுப்பி வைக்கேன்" என்றார். சாயங்காலமே மூன்றும் வந்துவிட்டன. இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் இங்கே வருவதற்கு முன் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் எழுத்தராகப் பதினொரு வருடம் இருந்தேன். ஒரு மேசை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். மேசை தருகிறவரே மூன்றையும் கொண்டுவருவார். ஒன்று அவருடையது, ஒன்று மச்சினன் கடை, இன்னொன்று எப்போதோ மூடிய கடை. மூன்றிலும் ஒரே பேனாவாக இருந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்று நான்தான் நீலமும் கறுப்பும் மாற்றி எழுதச் சொல்லிக் கொடுப்பேன். அதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஃபைல் முழுமையாக இருக்கும். அப்படிப் பதினொரு வருடம் குப்பை கொட்டியவன், லைடன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கொட்டேஷனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றிலும் முன்கூடத்துக்கு நான்கு ஜன்னல் என்று போட்டிருந்தது. எங்கள் கூடத்தில் மூன்று ஜன்னல்தான் உண்டு. மூன்று பேரும் நான்கு என்கிறார்களே, அக்கா எப்போது புது ஜன்னல் வைத்தாள் என்றுதான் யோசித்தேன். மூன்றில் குறைந்ததற்கு, நியாயமாகவும் நேர்மையாகவும், சம்மதம் சொன்னேன்.

பேனல் மாட்டுகிற அன்று அக்கா வீடியோவில் வந்தாள். "சுவரு இன்னும் ஜில்லுன்னு இருக்குல" என்றாள். மாட்டிவிட்டால் தெரியாது என்றேன். மரக்கலர் பலகைகள் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஏறின. மாசியில், ஏழாம் மாதத்திலேயே, வளைகாப்பு நடந்தது. கிடங்கின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து நான் போனில் பார்த்தேன். இசக்கி கைநிறைய வளையலோடு அந்த மரக்கலர் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வந்த சொந்தக்காரர்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். "பேச்சி வீடு ஓட்டல் கணக்கா ஆயிட்டே" என்று யாரோ சொன்னது எனக்கும் கேட்டது. வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்த நாள் குறைவு.

பங்குனி வெயில் ஏற ஏற வீட்டுக்குள் ஒரு வாடை வர ஆரம்பித்தது. எலி செத்திருக்கும் என்று தேடினார்கள். ஊதுபத்தி கொளுத்தினார்கள். வளைகாப்போடு அங்கேயே தங்கிவிட்ட இசக்கிக்கு இருமல் பிடித்தது. இருமல் இளைப்பாயிற்று. எட்டாம் மாத வயிற்றோடு அவள் மூச்சுக்குத் திணறினாள். எங்கே படுக்கிறாய் என்று டாக்டர் கேட்டாராம். அந்த வாரம் அவளைப் பார்க்க மாமியார் சாத்தான்குளத்திலிருந்து கருப்பட்டியும் முறுக்கும் கொண்டு வந்தார். பிரசுரமோ கருவியோ எதுவும் தெரியாத பெண்மணி. வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். "மதினி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. புள்ளய நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றார். இசக்கியின் துணிகளை அக்காவே மடித்துப் பையில் வைத்தாள். கார் போனபிறகு ஒரு பேனலின் அடியில் கத்தியைக் கொடுத்து நெம்பினாள். சுவர் கறுப்பாகப் பூத்திருந்தது. அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். ஃபைல் அண்ணாச்சியின் எண்ணை அழுத்தினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. ஏமாறினாலும் எனக்கு மூன்றாகத்தான் வரும் போலிருக்கிறது.

வைகாசியில் சாத்தான்குளத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அக்கா திருநெல்வேலி போய் பஸ் மாறிப் பார்க்கப் போனாள். மூன்றாம் நாள் திரும்பிவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாக் கவனிச்சாவ. வேளைக்குக் காப்பி குடுத்தாவ, எனக்குன்னு பாய் விரிச்சுக் குடுத்தாவ. அவியளே புள்ளயக் குளிப்பாட்டுனாவ, நான் உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

தன் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டிய பேத்தியை விருந்தாளிபோல உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எனக்கு அழுகை வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

வாட்ஸாப்பில் ஊர் வீட்டைப் பழுது பார்க்கும் என் சக அறிவாளிகளுக்குச் சொல்லிக்கொள்ள இதில் கொஞ்சம் இருக்கிறது. நனைந்த சுவரை மூடித் தருகிறேன் என்று சொல்கிறவன் எந்தக் கருவி வைத்திருந்தாலும் அவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கொட்டேஷன் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மூன்று பேரையும் நீங்களே தேடிப் பிடியுங்கள். காயட்டும் என்று சொல்லிவிட்டு ஒன்றும் விற்காமல் போகிறவரை ஓடிப்போய்க் கூப்பிடுங்கள். அதற்கும் முன்னால், அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டச்சுப் பிரசுரத்தில் இது இல்லை. ஐயாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு அக்காவின் மூக்குக்கும் கைக்கும் பதிலாகத் தன் போனை நம்புகிறவர்கள் அந்த நாட்டில் அதிகம் இல்லை போலும்.

ஆடியில் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். சித்திரையிலேயே அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கொத்தனார் வீட்டுக்கு நேரில் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். பேனல்களைப் பிடுங்கிப் பூச்சை உதிர்த்து, ஆனிக் காற்றில் சுவரைக் காயவிட்டு, நான் போனபோது பூசி முடித்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். "கொத்தனாரே, அன்னைக்கு நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டீர்லா, எழுதி வச்சிருக்கேன்" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். கிழித்த காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: சுவரைக் காயவைத்தது காற்று, கூலி இல்லை. பூசியது ஆறுமுகம். கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். வெள்ளம் வடிந்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

உள்சுவர் முடிந்து வெளிச்சுவருக்கு வந்தபோது கொத்தனார் என்னைக் கூப்பிட்டார். வாசல் தூணில் சிவப்புப் பெயிண்டால் கை அகலத்துக்கு 'வெளிநாடு' என்று எழுதியிருந்தது. "நம்ம தெருவுல நாலு வீட்டுல இப்பிடி எழுதியிருக்கு. ஒரு வீட்டுப் பையன் மஸ்கட்டு, ரெண்டு பேரு சிங்கப்பூரு, நாலாவது நீரு. நாலு வீட்டுலயும்தான் பேனல் மாட்டுனான்" என்றார். ஃபைல் அண்ணாச்சி வருவதற்கு முன்னால் அவருடைய ஆட்கள் வந்து வீடு பார்த்துக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கா தினமும் அதைப் பார்த்திருக்கிறாள். "வெள்ளக் கணக்கெடுக்க வந்தவிய எழுதுனதுன்னுலா நெனச்சேன். வெளிநாட்டுக்காரன் வீட்டுக்கு நெவாரணம் கெடையாதுன்னு போட்டுருக்காவன்னு. கவர்மெண்டு எழுத்த நாம அழிக்கலாமா?" என்றாள்.

கொத்தனார் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். "அடிச்சிரட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அது கெடக்கட்டும் கொத்தனாரே. காஸ் போடுதவன், கூரியர்க்காரன் எல்லாம் இப்பம் அதப் பாத்துத்தான் வாரான்." அவர் என்னைப் பார்த்தார். இது அவள் வீடு, அவள்தான் இருக்கிறாள். நான் அக்காவைக் கைகாட்டினேன். எழுத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வெள்ளையடித்தார். முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

நான் புறப்பட்ட அன்று காலையில் சொல்லி வைத்த ஆட்டோவைக் காணோம். ஓட்டுநர் வேறு தெருவில் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா போனில் வழி சொன்னாள். "அந்த வாட்டர் டேங்கு தாண்டி வாங்க. தூணுல செவப்பா வெளிநாடுன்னு எழுதியிருக்கும்லா, அந்த வீடுதான். ஆளு வாசல்லயே நிக்கான்." நான் பெட்டியோடு அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோ வந்தது. ஓட்டுநர் தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.